ஸ்வீட்கம்: இனிப்பும் இல்லை, சுவிங்கமும் இல்லை

வெள்ளவத்தையில் இருக்கும் நண்பர் ஒருவர் எங்கேயோ 'ரசமலா' மரத்தைப் பற்றி வாசித்துவிட்டு, அது ஸ்வீட்கம் (sweetgum) என்ற மரவகை என்று கண்டு அந்தச் சொல்லைக் கைபேசியில் தமிழாக்கிப் பார்த்திருக்கிறார். 'இனிப்புப் பசை' என்று வந்ததாம். கடிதவுறை ஒட்டவா, வாயில் போட்டு மெல்லவா என்று கேட்டார்.

இந்த 'ஸ்வீட்' மூக்குக்கு உரியது, நாக்குக்கு அல்ல. பட்டையில் காயம் பட்டால் வாசனைப் பிசின் கசியும். நல்ல வாசனைக்குத் தமிழில் 'நறு' இருக்கிறதே, நறுமணம், நறும்புகை என்று. அடுத்தது 'கம்'. மரத்தில் வடிவது பிசின், நாம் பூசி ஒட்டுவது பசை. முருங்கைப் பிசினை யாரும் முருங்கைப் பசை என்பதில்லை. ஆக, நறும்பிசின் மரம் என்பதுதான் சரி.

இந்த மரவகைக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பேரினப் பெயர் லிக்விடாம்பர். நீர்மத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு அரபு 'அன்பர்' சேர்ந்தது. திமிங்கிலத்திலிருந்து வரும் அம்பர் என்கிறோமே, அதே சொல்தான். ரசமலாவை வெகுகாலம் ஆல்டிங்கியா என்றார்கள். பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த ஒல்லாந்து ஆளுநர் நாயகம் ஆல்டிங்கின் பெயர் அது, 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனபோதும் பதவியில் இருந்தவர் அவர்தான். 2013இல் ஆல்டிங்கியாவை லிக்விடாம்பருக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

'சிலாரசம்' இருக்கிறதே என்பீர்கள். மருந்துக்கடைப் பெயர், பிசினுக்குப் பொருந்தும். ஆனால் கேட்டவுடன் கல்லின் சாறு போலத் தொனிக்கிறது, சிலாசத்து என்ற வேறொரு மருந்துச் சரக்கோடும் குழம்புகிறது, அதனால் மரத்துக்கு அதை வைக்க எனக்கு மனமில்லை. சாம்பிராணி மரம் என்றும் சொல்லிவிடாதீர்கள், சுமாத்திரா சாம்பிராணி தரும் ஸ்டைராக்ஸ் மரம் வேறு குடும்பம்.

அப்புறம் நண்பரின் உண்மையான கேள்வி: மொட்டைமாடித் தொட்டியில் வைக்கலாமா? அசாமிலிருந்து ஜாவா வரை பரந்த ரசமலா மரம் 40 மீட்டரைத் தாண்டி, சில இடங்களில் 60ஐயும் தொடும். மேற்கு ஜாவாவில் ஏறக்குறைய 500 முதல் 1500 மீட்டர் உயரத்தில், ஈரமான எரிமலை மண்ணில் நன்றாக வருகிறது, அங்கே இளந்தளிரைப் பச்சையாகவே சோற்றோடு தின்கிறார்கள். உலர்ந்த காய் வெடிக்குமுன் பறித்து, விதையை நிழல் போட்ட நாற்றுமேடையில் மெல்லிய மண்ணால் மூடி, ஈரம் காயாமல் வைக்க வேண்டும். காயில் பதரே அதிகம், ஆகவே தாராளமாகத் தூவுங்கள். கன்றுகளை நெருக்கி நட்டால் நிமிர்ந்து வளரும், இடம் விட்டால் கிளைத்துவிடும்.

கடல்மட்டக் கொழும்புச் சூட்டில் நான் இதை நட மாட்டேன். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் காணி உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம்.