ஒரே பண்டிகைக்கு இரண்டு தேதி: இதில் பயப்பட எதுவும் இல்லை

2025 செப்டம்பரில் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். கையில் தினசரி காலண்டரில் கிழித்த இரண்டு தாள்கள். ஒன்றில் ஆகஸ்ட் 16, கோகுலாஷ்டமி. இன்னொன்றில் செப்டம்பர் 14, அஷ்டமி ரோகிணி. இரண்டும் கண்ணன் பிறந்தநாள்தான். ஆகஸ்டிலேயே வாசலிலிருந்து பூஜை அறை வரை அரிசிமாவில் கண்ணன் பாதம் வைத்து, பட்டினி கிடந்து கும்பிட்டுவிட்டார். தவறான நாளில் விரதம் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த வாரம் பார்த்துப் பேரனுக்குக் காய்ச்சல். "மக்களே, நான் கும்பிட்டது சேராதா?" என்று கேட்கும்போதே அவர் குரல் நடுங்கியது.

நாள் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபமே வந்துவிட்டது. அந்த அம்மாவிடம் அல்ல, அப்படி எழுதி அனுப்பியவரிடம்.

இரண்டு தேதி இருந்தால் ஒன்று தப்பு என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். நம் பண்டிகைகள் ஆங்கிலத் தேதியில் பிறந்தவை அல்ல. இன்ன மாதம், இன்ன திதி அல்லது நட்சத்திரம், அது இன்ன வேளையில் இருக்கவேண்டும் என்பதுதான் விதி. சிவராத்திரிக்கு நள்ளிரவு, ராமநவமிக்கு நடுப்பகல், நம் தீபாவளிக்கு விடியலுக்கு முன்னால் சதுர்த்தசி. வடக்கே தீபாவளிக்கு அமாவாசை மாலையில் லட்சுமி பூஜை. எதைப் பிரதானமாக எடுக்கிறோம் என்பது பரம்பரைக்குப் பரம்பரை வேறு. கணக்கு பிசகியதால் வந்த வித்தியாசம் இல்லை இது.

அந்த 2025-ஐயே பாருங்கள். ஆகஸ்ட் 15 நள்ளிரவில், அதாவது 16 பிறக்கும் வேளையில், அஷ்டமி இருந்தது, ரோகிணி இல்லை. தமிழ்க் கணக்கில் அப்போது ஆடியே முடியவில்லை. ஆவணி 1, அதாவது மலையாள (கொல்லம்) ஆண்டு 1201-இன் சிங்ஙம் மாதம் 1, ஆகஸ்ட் 17-இல்தான் பிறந்தது. சந்திர மாதத்தை வைத்து எண்ணுகிறவர்களுக்கு அந்த அஷ்டமியே போதும். சூரிய மாதமும் ரோகிணியும் வேண்டும் என்பவர்கள் காத்திருந்தார்கள். செப்டம்பர் 14, ஆவணி 29 இரவில் அஷ்டமியும் ரோகிணியும் சேர்ந்தே வந்தன. குருவாயூரிலும் அன்றுதான். இதில் யாரைத் தப்பென்று சொல்வது?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது கூடுதலாகவே நடக்கும். 1956 நவம்பர் 1 வரை நாம் முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. இன்றும் ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழ்ப் பஞ்சாங்கம், அடுத்த வீட்டில் மலையாளப் பஞ்சாங்கம். 2023-இல் மேஷ சங்கிரமம், அதாவது சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவது, ஏப்ரல் 14 பிற்பகலில் வந்தது. சூரியன் மறையும் முன் சங்கிரமம் வந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் வழக்கம். பகலில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது சுமாராக மதியம் 1.12 மணி, தாண்டிவிட்டால் மறுநாள்தான் என்பது மலையாள வழக்கம். அதனால் ஒரு வீட்டில் 14-ஆம் தேதி புத்தாண்டு, பக்கத்து வீட்டில் 15-ஆம் தேதி விஷுக்கனி. பஞ்சாங்கக் கணக்கிலேயே வாக்கியம் (பழைய வாய்பாட்டுக் கணக்கு), திருக்கணிதம் (திருத்திய கணக்கு) என்ற பிரிவு வேறு தனியாக இருக்கிறது. அதில் திதி முடியும் நேரமே மாறும்.

உங்கள் வீடு எந்தக் கோயில் வழக்கம் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வருஷம் முழுக்க ஒரே பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தீபாவளிக்கு ஒன்று, ஏகாதசிக்கு ஒன்று என்று மாற்றாதீர்கள். செல்போன் ஆப்பில் வேறு ஊரைப் போட்டுவிட்டு நாகர்கோவிலுக்கு நாள் பார்க்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஊர்ச் சூரிய உதயத்தை வைத்துத்தான் பார்க்கவேண்டும். மருமகள் வேறு வழக்கத்திலிருந்து வந்தவள் என்றால் அவளைக் குறை சொல்லாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தயவுசெய்து, சந்தேகத்துக்காக இரண்டு நாளும் பட்டினி கிடக்கவேண்டாம்.

பெரியம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "உங்க மாமியார் எப்போ கும்பிட்டாங்க?" என்று மட்டும் கேட்டேன். ஆடியில் வந்தாலும் அந்த அஷ்டமிதான் என்றார். சரி, அப்படியானால் உங்கள் பூஜை ஆகஸ்டிலேயே நிறைவாக நடந்துவிட்டது என்றேன். இரண்டு தாள்களையும் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பேரனை இன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன்.