மைக்க விடுங்க, லொகேஷனப் பாருங்க

போன் நம்ம பேச்ச ஒட்டுக்கேக்குதான்னு கேக்காத ஆளே இல்ல. நான் மொபைல் ஆப் டெஸ்டிங் வேலை பாக்கறேன், ஒரு ஆப் போன்ல இருந்து வெளிய யாருக்கு என்ன அனுப்புதுன்னு பாக்கறதும் அந்த வேலையில ஒரு பகுதி, அது தெரிஞ்ச சொந்தக்காரங்க கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்து கூட இதத்தான் கேக்கறாங்க, "மிக்ஸி வாங்கணும்னு பேசிட்டுதான் இருந்தோம் தம்பி, உடனே மிக்ஸி விளம்பரம் வருது, எப்படி?"ன்னு. 2018ல அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டியில 17,000க்கு மேல ஆண்ட்ராய்டு ஆப்கள ஓடவிட்டுப் பாத்தாங்க. திருட்டுத்தனமா மைக்க ஆன் பண்ணி ஆடியோ அனுப்பற ஆப் அதுல ஒண்ணும் சிக்கல. ஆனா ஸ்க்ரீன்ல நாம பண்றத அப்படியே வீடியோவா எடுத்து வேற கம்பெனிக்கு அனுப்புன ஆப் சிக்குச்சு. மிக்ஸி கதையில பெரும்பாலும் நடக்கறது என்னன்னா வீட்டுல வேற யாராவது அதே வைஃபைல மிக்ஸி விலை தேடியிருப்பாங்க, ஒரே வைஃபைல இருக்கற போனெல்லாம் ஒரே வீடுன்னு விளம்பரக் கம்பெனி கணக்குப் போட்டுக்கும். அதுக்கு உங்க பேச்சு தேவையே இல்ல. மைக்க நெனச்சுப் பயப்படறதுல பாதிய லொகேஷன் மேல காட்டுனா போதும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது அதனாலதான்.

நாங்க டெஸ்ட் பண்றது எப்படின்னா போனோட இன்டர்நெட்ட ஒரு லேப்டாப் வழியா திருப்பி விடுவோம், ஆப் அனுப்பற ஒவ்வொரு வரியும் லேப்டாப் ஸ்க்ரீன்ல ஓடும். ஒரு தடவ ஒரு தினசரி காலண்டர் ஆப், பேரு வேண்டாம், ராகு காலம் நல்ல நேரமெல்லாம் காட்டற மாதிரி ஒண்ணு. சூரிய உதயம் கணக்குப் போட லொகேஷன் கேட்டுச்சு, நியாயமான காரணம்தான், குடுத்தோம். ஆப் தொறந்து பஞ்சாங்கம் வர்றதுக்கு முன்னாடியே அந்த லொகேஷன் வேற வேற விளம்பர சர்வருக்குப் போயிருச்சு. அட்சரேகை தீர்க்கரேகை ரெண்டும் புள்ளிக்கு அப்புறம் அஞ்சு இலக்கம். அஞ்சு இலக்கம்னா கணக்குப்படி ஒரு மீட்டர் அளவு, ஜிபிஎஸ் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனாலும் எந்த வீடுன்னு தெரிஞ்சுரும். ஊருக்கே ஒரு சூரிய உதயம்தான், அதுக்கு எந்த வீடுன்னு எதுக்குத் தெரியணும்? அதே வரியில போன் மாடல், பேட்டரி எத்தன சதவீதம், சிம் எந்தக் கம்பெனி, கூடவே எழுத்தும் எண்ணும் கலந்து 32 இலக்கத்துல ஒரு அட்வர்டைசிங் ஐடி, அதாவது விளம்பரக் கம்பெனிகள் உங்க போன அடையாளம் வெச்சுக்கற நம்பர்.

இத பண்ணுனது காலண்டர் எழுதுன பையனான்னு கேட்டா நேரடியா அவன் இல்ல. இலவச ஆப்புக்கு வருமானம் விளம்பரம், விளம்பரம் வரணும்னா விளம்பரக் கம்பெனி குடுக்கற ரெடிமேட் கோட ஆப்புக்குள்ள சேக்கணும், எஸ்டிகேன்னு சொல்லுவோம். ஒரு ஆப்புல அப்படி அஞ்சாறு இருக்கறது சாதாரணம். நீங்க ஆப்புக்குக் குடுக்கற பர்மிஷன் உள்ள இருக்கற எஸ்டிகே எல்லாத்துக்கும் சேத்துத்தான். வீட்டுச் சாவிய ஒருத்தர்கிட்ட குடுக்கறோம், அவர் வீட்டுல யார் யாரெல்லாம் உள்வாடகைக்கு இருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. இது புதுசும் இல்ல. 2013லயே ஒரு டார்ச் லைட் ஆப் மேல எஃப்டிசி, அதாவது வாடிக்கையாளர்கள ஏமாத்தற கம்பெனிகளக் கவனிக்கற அமெரிக்க அரசு அமைப்பு, நடவடிக்கை எடுத்துச்சு, வெளிச்சம் அடிக்கற ஆப், கோடிக்கணக்கான போன்ல இருந்துச்சு, லொகேஷன விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிட்டு இருந்துச்சு. 2020ல முஸ்லிம் ப்ரோன்னு தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டற ஆப்போட லொகேஷன் டேட்டா எக்ஸ்-மோட்ங்கற கம்பெனிக்குப் போனதும், அந்த எக்ஸ்-மோட் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யற ஒப்பந்தக்காரங்களுக்கு டேட்டா வித்ததும் வெளிய வந்துச்சு. அந்தத் தொடர்ப நிறுத்திட்டோம்னு ஆப்காரங்க அப்புறம் சொன்னாங்க. தொழுகைக்கு நேரம் பாத்த மனுசனுக்கு இப்படி ஒண்ணு நடக்கும்னு எப்படித் தெரியும்?

பேரு போகல, நம்பர் போகல, வெறும் ஐடிதானேன்னு சிலர் சொல்லுவாங்க. ராத்திரி பதினொண்ணுல இருந்து காலைல ஆறு வரைக்கும் ஒரே இடத்துல இருக்கற ஐடி, பகல்ல இன்னொரு இடத்துல இருக்குன்னா வீடும் ஆபீசும் கெடச்சாச்சு, அந்த ரெண்டும் சேர்ந்து பொருந்தற ஆளு ஊருல எத்தன பேரு இருப்பாங்க? 2013ல 15 லட்சம் பேரோட செல்போன் நடமாட்டத்த வெச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒருத்தர் எப்ப எங்க இருந்தார்னு நாலே நாலு புள்ளி தெரிஞ்சா 95 சதவீதம் பேர கூட்டத்துல இருந்து தனியா எடுத்துடலாம்னு. 2019ல நியூயார்க் டைம்ஸ் கைக்கு 1.2 கோடி போனோட 5,000 கோடி லொகேஷன் பதிவு வந்து சேந்துச்சு, அதுல இருந்து ஆளுங்கள அடையாளம் கண்டு அவங்ககிட்டயே போய் பேசுனாங்க.

"என்கிட்ட மறைக்க என்னங்க இருக்கு"ன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நீங்க மாசம் ஒரு தடவ போற மனநல டாக்டர் கிளினிக், குழந்த இல்லன்னு போற ஆஸ்பத்திரி, நகைய அடகு வெச்ச கடை, பொண்ணு தங்கியிருக்கற ஹாஸ்டல் எல்லாம் அந்தப் புள்ளிகள்ல இருக்கு. தப்பு பண்ணுனாத்தான் மறைக்கணும்னு இல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24ல சுப்ரீம் கோர்ட்டோட 9 நீதிபதிகளும் ஒரே குரல்ல சொல்லியிருக்காங்க, நமக்காகத்தான் சொன்னாங்க.

சரி, கைல போன எடுங்க. முதல்ல அந்த அட்வர்டைசிங் ஐடி. போனுக்குப் போன் மெனு மாறும், செட்டிங்ஸ் மேல இருக்கற தேடற பெட்டியில ஆட்ஸ்னு அடிங்க, டெலீட் அட்வர்டைசிங் ஐடின்னு வரும், ஆண்ட்ராய்டு 12ல இருந்து இருக்கு. டெலீட் பண்ணிட்டு அதே டெஸ்ட் திரும்ப ஓட்டுனா அந்த 32 இலக்கமும் வெறும் சைபரா போறத நாங்க பாக்கறோம். விளம்பரம் நிக்காது, ஆனா நேத்து வந்த ஆளும் இன்னிக்கு வந்த ஆளும் ஒரே ஆள்னு அந்த ஐடிய வெச்சு முடிச்சுப் போட முடியாது. ஐபோன்ல ப்ரைவசிக்குள்ள ட்ராக்கிங்னு இருக்கும், ஆப்கள் கேக்கறதையே அங்க மொத்தமா ஆஃப் பண்ணிடலாம், 2021ல இருந்து வந்த வசதி.

அடுத்து லொகேஷன் பர்மிஷன் லிஸ்ட். "எப்பவும்"னு இருக்கற ஆப் ஒண்ணொண்ணா பாருங்க, குடும்பத்துல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கற ஆப், தொலைஞ்ச போன தேடற வசதி, இத தவிர வேற எதுக்கும் எப்பவும் தேவப்படாது. டாக்சி, சாப்பாடு ஆப்புக்கு "ஆப் ஓடும்போது மட்டும்" போதும். வானிலைக்கும் காலண்டருக்கும் ப்ரிசைஸ்ங்கறத, அதாவது துல்லியமா இடம் காட்டறத, ஆஃப் பண்ணுங்க, ஊரு அளவுக்குத் தெரிஞ்சா மழை வருமான்னு சொல்லிரும். கூகுள்ல லொகேஷன் ஹிஸ்டரிய (இப்ப அதுக்கு டைம்லைன்னு பேரு) ஆஃப் பண்ணுனா போதும்னு ரொம்ப நாள் எல்லாரும் நெனச்சோம், ஆனா வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டின்னு இன்னொரு ஸ்விட்ச் ஆன்ல இருந்தா இடம் பதிவாகிட்டேதான் இருக்கும்னு 2018ல அசோசியேட்டட் பிரஸ்ங்கற செய்தி நிறுவனம் வெளிய கொண்டு வந்துச்சு, 2022ல 40 அமெரிக்க மாநிலங்களுக்கு கூகுள் 39 கோடி டாலருக்கு மேல குடுத்து சமரசம் பண்ணுச்சு. அதனால ரெண்டு ஸ்விட்சையும் பாருங்க.

இதெல்லாம் கம்பெனிக்காரங்க விஷயம். என்கிட்ட கவலையோட வர்றவங்க, அதுவும் பொம்பளைங்க, கேக்கறது வேற. "நான் எங்க போனாலும் அவருக்குத் தெரிஞ்சுருது, போன்ல ஏதோ ஸ்பை ஆப் போட்டுட்டாரு"ன்னு. ஸ்பை ஆப் இருக்கறதும் உண்டு, ஆனா பல தடவ அவ்வளவு தூரம் போகவே வேண்டியதில்ல. நம்ம ஊர்ல போன் வாங்குனா ஜிமெயில் ஆரம்பிச்சுக் குடுக்கறது கடைப் பையன். பாஸ்வேர்ட போன் டப்பா மேல பேனாவுல எழுதிக் குடுப்பாங்க, அது அலமாரியில கிடக்கும், பாஸ்வேர்ட் மறந்தா திரும்ப எடுக்கறதுக்குக் குடுக்கற ரெகவரி நம்பர் வீட்டுக்காரரோடதா இருக்கும், சிலதுல கடைக்காரரோடதே இருக்கும். அந்த மெயிலும் பாஸ்வேர்டும் கைல இருந்தா தொலைஞ்ச போன தேடற கூகுள் பக்கத்துல போன் எங்க இருக்குன்னு பாக்கலாம், போட்டோ, கான்டாக்ட் எல்லாம் பாக்கலாம். உங்க அம்மா, அக்கா போனுக்கு இன்னிக்கே பாஸ்வேர்டயும் ரெகவரி நம்பரயும் மாத்திக் குடுங்க. மேப்ஸ்ல லொகேஷன் ஷேரிங் யாருக்காவது ஓடிட்டு இருக்கான்னு பாருங்க, வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் தொறந்து தெரியாத கம்ப்யூட்டர் இருந்தா லாக் அவுட் பண்ணுங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, அடிக்கற கை உள்ள வீடா இருந்தா இதெல்லாம் மாத்துன உடனே அந்தாளுக்குத் தெரிஞ்சுரும், முதல்ல வேற ஒருத்தர் போன்ல இருந்து பெண்கள் உதவி எண் 181க்குப் பேசி பாதுகாப்புக்கு வழி பண்ணிட்டு அப்புறம் கை வைங்க.

கடைசியா லோன் ஆப். கான்டாக்ட், கால் லாக், போட்டோ எதையும் கடன் ஆப் தொடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர்லயே சொல்லிருச்சு, ப்ளே ஸ்டோர்லயும் 2023 மே மாசக் கடைசில இருந்து அந்த விதி இருக்கு. ஆனா ப்ளே ஸ்டோருக்கு வெளிய, வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைலா, அதாவது நேரா இன்ஸ்டால் ஆகற ஆப் ஃபைலா, மோசடிக்காரங்க அனுப்பறாங்க, கல்யாணப் பத்திரிகைன்னு கூட பேரு வெச்சு வருது, தொட்டா எஸ்எம்எஸ் பர்மிஷன் கேக்கும், குடுத்தா ஓடிபி அங்க போயிரும். பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் பண்ணுங்க. லோன் ஆப்காரங்க உங்க போட்டோவ அசிங்கமா மாத்தி தெரிஞ்சவங்களுக்கு அனுப்புவேன்னு மிரட்டுனா சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார் குடுங்க, ஆனா பதட்டத்துல முதல்ல ஆப்ப டெலீட் பண்ணிடாதீங்க, வந்த மெசேஜ், கூப்பிட்ட நம்பர், பணம் போடச் சொன்ன யுபிஐ ஐடி எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேற போனுக்கு அனுப்பிட்டு அப்புறம் டெலீட் பண்ணுங்க, இல்லன்னா ஸ்டேஷன்ல காட்டறதுக்குக் கைல ஒண்ணும் இருக்காது.