அந்தப் பள்ளம் உங்கள் சாம்பிளில் இல்லை

போன வாரம் ஓர் ஆராய்ச்சி மாணவர் கிராஃபை எடுத்துக்கொண்டு எங்கள் லேபுக்கு வந்தார். சாயம் ஏற்றி இழுத்த பிளாஸ்டிக் ஃபிலிம் வழியாக எவ்வளவு ஒளி போகிறது என்று அளந்ததில், 620 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஊசி இறக்கின மாதிரி ஒரு பள்ளம். சாயம் அங்கே ஒளியை உறிஞ்சுகிறது என்று முடிவு கட்டி, கட்டுரைகூட எழுத ஆரம்பித்துவிட்டார். "ஃபிலிமை எடுத்துட்டு வெறுமனே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க தம்பி" என்றேன். பள்ளம் அதே இடத்தில் அப்படியே இருந்தது.

போலரைசரை, அதாவது ஒளியின் மின்புலத்தை ஒரே திசையில் மட்டும் ஆடவிடும் வடிகட்டியை, ஒரு நிலையில் வைத்து பேஸ்லைன் (சாம்பிள் இல்லாமல் எடுக்கும் ஒப்பீட்டு அளவு) எடுத்திருக்கிறார், அப்புறம் அதை 90 டிகிரி திருப்பிவிட்டுப் பழைய பேஸ்லைனோடே அளந்திருக்கிறார். பள்ளம் வந்தது, அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரிக்கும் கிரேட்டிங்கிலிருந்து.

மில்லிமீட்டருக்கு 1200 என்கிற மாதிரி நெருக்கமாகக் கோடு போட்ட உலோகப் பரப்பு அது. ஒளியின் மின்புலம் கோடுகளுக்குக் குறுக்கே ஆடும்போது, சில அலைநீளங்களில் மட்டும், வெளியே வர வேண்டிய ஒளியில் ஒரு பங்கு உலோகத்தை ஒட்டியே ஊர்ந்து போய் வெப்பமாகிவிடும். 1902-ல் இயற்பியலாளர் ராபர்ட் வுட் இதைக் கண்டபோது, சோடியத்தின் இரு மஞ்சள் கோடுகளுக்கு நடுவே உள்ள 0.6 நானோமீட்டர் இடைவெளிக்குள்ளேயே வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக விழுந்தது. பரப்பில் ஓடும் அலைதான் காரணம் என்று 1941-ல் இன்னோர் இயற்பியலாளர் யூகோ ஃபானோ விளக்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த அலையின் திசைதான். ஒளி நேர்செங்குத்தாக விழுந்தால் அலை இரண்டு பக்கமும் கிளம்பும், கொஞ்சம் சாய்த்தால் இடத்துக்கு ஓர் அலைநீளம், வலத்துக்கு வேறு அலைநீளம் என்று பிரிந்து, ஒற்றைப் பள்ளம் இரண்டாகிவிடும். 2013-ல் ஹார்வர்டில் ஃபெடரிகோ கபாசோ குழு, தங்கப் படலத்தில் எதிரெதிராகச் சாய்ந்த பிளவுகளை ஜோடி வரிசையாகச் செதுக்கி, வலச்சுழி ஒளி (மின்புலம் வலப்பக்கமாகச் சுழன்றபடி வரும் ஒளி) பட்டால் அலை ஒரு பக்கமும் இடச்சுழி ஒளி பட்டால் மறுபக்கமும் ஓடும்படி செய்தது. பிளவின் சாய்வும் வரிசைகளின் இடைவெளியும்தான் அதற்குத் திசை காட்டுகின்றன, எந்தப் பகுதியும் அசைவதில்லை!

சரி, அளக்கிறவர்களுக்கு. போலரைசரைத் தொட்டால் புது பேஸ்லைன் எடுங்கள், அதன் கோணத்தை நோட்டில் எழுதுங்கள். கிரேட்டிங்கை மட்டும் விரலாலோ பஞ்சாலோ தொடவே வேண்டாம். சில நானோமீட்டர் அழுக்குப் படிந்தாலே அந்த அலைக்குத் தெரியும், பள்ளம் இடம் மாறிவிடும்.