பச்சிளங்குழந்தையின் மூச்சில் எழும் சத்தம்

பிறந்து இரண்டு கிழமையான பிள்ளை மூச்சை உள்ளிழுக்கும்போதெல்லாம் கீச்சென்று சத்தம் எழுந்தால், திருகோணமலையில் பல வீடுகளில் அதை நெஞ்சுச் சளி என்றே கொள்வார்கள். கோரோசனை கரைத்துப் பருக்குவோரும் உண்டு. காய்ச்சலோ மூக்கொழுகலோ இன்றி அச்சத்தம் நாள்தோறும் தொடருமானால், குரல்வளைத் தளர்வையே, அதாவது லாரிங்கோமலேசியாவையே முதலில் நினைக்க வேண்டும். கைக்குழந்தைகளின் இத்தகைய மூச்சொலிக்கு மிகப் பொதுவான காரணம் அதுவே.

குரல்நாண்களுக்கு மேலுள்ள குரல்வளை மூடியும், அதைப் பின்புறக் குருத்தெலும்புகளோடு இணைக்கும் சவ்வு மடிப்புகளும் இக்குழந்தைகளில் உறுதியின்றி இருக்கும். மடிப்புகள் குட்டையாக இருப்பதால் மூடி இருபுறமும் சுருண்டுவிடும். உள்மூச்சின்போது அங்கே அழுத்தம் குறைகிறது. ஒடுங்கிய வழியில் காற்று விரைவதால் அது மேலும் குறைந்து, செவ்விளநீரை மெல்லிய குழாயால் விசையாக உறிஞ்சும்போது குழாயின் சுவர்கள் ஒட்டிக்கொள்வதைப் போல, தளர்ந்த திசுக்கள் உள்ளே இழுபட்டு அதிர்கின்றன. வெளிமூச்சு அவற்றைத் தள்ளித் திறப்பதால் சத்தம் அடங்குகிறது. மாறாக, மார்புக்குள் உள்ள மூச்சுக்குழல் தளர்ந்திருந்தால் வெளிமூச்சிலும், குரல்நாண்களுக்குக் கீழே நிலையான ஒடுக்கம் இருந்தால் இரண்டு மூச்சிலும் சத்தம் கேட்கும்.

கிளினிக்கில் பிள்ளை பெரும்பாலும் அமைதியாக உறங்கிவிடும் என்பதால், அழும்போதோ பால் குடிக்கும்போதோ சட்டையைக் கழற்றி, மார்பும் கழுத்துக்குழியும் தெரியும்படி கைத்தொலைபேசியில் பதிவு செய்து கொண்டுசெல்வது வைத்தியருக்கு மிகவும் உதவும். மூக்கு வழியே மெல்லிய கமராக் குழாயைச் செலுத்திப் பார்த்து நோயை உறுதி செய்வார்கள்.

சிசுவின் மூச்சுவழி குரல்நாண்களுக்குக் கீழே ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் விட்டமே கொண்டது. அதில் சுற்றிலும் 1 மில்லிமீற்றர் வீக்கம் ஏற்பட்டால் விட்டம் பாதியாகி, சீரான ஓட்டத்தில் காற்றுக்கான தடை 16 மடங்காகிறது. சாதாரணத் தடிமன்கூட இப்பிள்ளைகளைத் திணறடிப்பது இதனாலேயே. உதடு நீலம்பாரித்தாலோ, மூச்சு இடையில் நின்றாலோ காத்திராமல் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

குப்புறக் கிடத்தினால் சத்தம் குறையும். ஆயினும் உறங்கவைக்கும்போது மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பானது.

பெரும்பாலானோரில் சத்தம் 4 முதல் 8 மாதங்களில் உச்சமடைந்து, 12 முதல் 24 மாதங்களுக்குள் தானாகவே மறைகிறது. சத்தத்தின் உரப்பைவிட, நிறை வரைபடத்தின் கோடு ஏறுகிறதா என்பதே முக்கியம். பால் குடிக்க முடியாமல் நிறை தேங்கும் சிலருக்கு மட்டும், கழுத்தில் கீறலின்றி வாய் வழியாகவே அக்குட்டை மடிப்புகளை வெட்டி விடுவிக்கும் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது.