கேரட்டை அரைச்சா எண்ணெய் ஏன் அடங்குது?

எங்க ஊர் கொடைக்கானல்ல ஏழு ரோடு சந்திப்புப் பக்கத்துல ஒரு சின்ன கடை, உள்ள போனா நூடுல்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு கிண்ணத்துல லெட்டூஸும் வெள்ளரியும் வெச்சு அதுக்கு மேல ஆரஞ்சு கலர்ல கெட்டியா ஒரு சாலட் டிரெஸ்ஸிங் ஊத்தித் தருவாங்க. இஞ்சி வாசம், லேசா இனிப்பு, புளிப்பு, அப்புறம் நாக்குல ஒட்டிக்கிட்டு போகவே போகாத ஒரு ருசி. இதுல என்ன பெரிய வித்தைன்னு வீட்டுக்கு வந்து சோயா சாஸ், வினிகர், எண்ணெய், துருவுன இஞ்சி எல்லாத்தையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு குலுக்கு குலுக்குன்னு குலுக்கினேன். குலுக்கறப்போ அருமையா இருந்துச்சு. இலையைக் கழுவித் தொடச்சுட்டுத் திரும்பிப் பாத்தா எண்ணெய் மேல, கருப்புத் தண்ணி கீழ, இஞ்சி நடுவுல அநாதையா மிதக்குது. அம்மா எட்டிப் பாத்துட்டு "ஏன்டா, சட்னியா அரைச்சிருந்தா இந்தப் பாடு இருக்குமா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அன்னைக்குக் கோவம் வந்துச்சு, ஆனா விஷயமே அதுலதான் இருக்குன்னு பின்னாடிதான் புரிஞ்சுது.

தண்ணி மூலக்கூறுங்க ஒண்ணையொண்ணு இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கும், எண்ணெயை உள்ள விடாது. நாம குலுக்கறப்போ எண்ணெய் சின்னச் சின்னத் துளியா உடையுது, விட்டதும் துளிங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகி மேல ஏறிடுது. ஏர்ற வேகம் துளியோட சைஸைப் பொறுத்தது, அதுவும் சும்மா இல்ல, துளி பத்துல ஒரு பங்கா சின்னதானா வேகம் நூறுல ஒரு பங்கா கொறஞ்சுடும். கையால குலுக்கற துளியும் மிக்ஸி பிளேடு உடைக்கற துளியும் ஒண்ணு இல்லங்கறது இதுலயே தெரிஞ்சுடும். சுத்தி இருக்கற தண்ணி கெட்டியா இருந்தா ஏர்றது இன்னும் மெதுவாகும். ரெண்டாவதா, துளிக்கும் துளிக்கும் நடுவுல எதாச்சும் ஆள் நின்னு சேரவிடாம தடுக்கணும். இப்படி எண்ணெயும் தண்ணியும் பிரியாம நிக்கற கலவையைத்தான் எமல்ஷன்னு சொல்றாங்க, தமிழ்ல பால்மம். பாலே ஒரு எமல்ஷன்தானே, தேங்காய்ப் பாலும்தான்.

நடுவுல நிக்கற ஆள் யாருன்னு கேட்டா எல்லாரும் முட்டை மஞ்சக்கருவுல இருக்கற லெசித்தினைச் சொல்வாங்க, அதுக்கு ஒரு கை எண்ணெயைப் புடிக்கும் இன்னொரு கை தண்ணியைப் புடிக்கும். சரிதான். ஆனா அந்தக் கடையில ஊத்தற ஆரஞ்சு கலர் டிரெஸ்ஸிங் கேரட்டுல பண்றது, அதுல முட்டையே இல்லையே, அப்ப எது புடிச்சு வெக்குது? அரைபட்ட கேரட்தான். கண்ணுக்குத் தெரியாத நார்த் துணுக்குங்க எண்ணெய்த் துளி மேல போய் ஒட்டிக்கிட்டு சுவரு மாதிரி நிக்கும், கூடவே கேரட்ல இருக்கற பெக்டின்ங்கற பசைப் பொருள் தண்ணியைக் கெட்டியாக்கிடும். திடப்பொருள் துணுக்குங்களால நிக்கற இந்த மாதிரி எமல்ஷனுக்கு பிக்கரிங் எமல்ஷன்னு பேரு, 1907-ல பிக்கரிங்னு ஒரு ஆங்கிலேய வேதியியல்காரர் இதைப் பத்தி எழுதினாரு, அவருக்கு முன்னாடியே 1903-ல ராம்ஸ்டன்ங்கறவரு கவனிச்சு எழுதிட்டாரு, பேரு என்னமோ பிக்கரிங்குக்குப் போயிடுச்சு. அம்மிக்கல்லுல துவையல் அரைச்சு மேல நல்லெண்ணெய் விட்டுக் குழைக்கறவங்களுக்கு இது ஒண்ணும் புதுசில்ல, எந்தப் பேரும் வெக்காம செஞ்சுட்டு இருக்காங்க.

அதனால எங்க வீட்ல இப்ப இப்படித்தான் பண்றோம். நடுத்தர சைஸ் கேரட் ரெண்டு, பூம்பாறைப் பக்கத்துக் கேரட்டுன்னா இன்னும் நல்லது, இனிப்பு தூக்கலா இருக்கும். கால் பெரிய வெங்காயம், ஒரு விரல்கடை இஞ்சி, மூணு ஸ்பூன் வினிகர், ஒரு ஸ்பூன் சோயா சாஸ், அரை ஸ்பூன் சர்க்கரை. இதையெல்லாம் சின்ன ஜார்ல போட்டு மொதல்ல எண்ணெய் இல்லாமயே மைய அரைச்சுடணும். அதுக்கப்புறம் அஞ்சாறு ஸ்பூன் எண்ணெயை நூல் மாதிரி விட்டுக்கிட்டே ஓட்டணும். மொத்தமா ஊத்தினா சுவரு கட்டற வேகத்தை விட எண்ணெய் வர்ற வேகம் ஜாஸ்தியாயிடும், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கதைதான்.

சோயா, இஞ்சின்னு இருக்கறதால இந்த கேரட் டிரெஸ்ஸிங்கை ஜப்பான்ல வீட்டுக்கு வீடு பண்றாங்கன்னு நெனச்சுக்க வேணாம், அமெரிக்காவுல இருக்கற ஜப்பானிய ஸ்டேக் கடைகள்லதான் இது பேர் வாங்கிச்சு. 1964-ல ராக்கி அயோகி நியூயார்க்ல பெனிஹானா ஆரம்பிச்சாரே, அந்த மாதிரி கடைங்க. அங்க இருந்து சுத்திச் சுத்திக் கொடைக்கானல் வரைக்கும் வந்திருக்கு.

எண்ணெய்னு சொன்னதும் இங்க மலையில ஒரு சங்கடம் இருக்கு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறையும், எங்க ஊர்ல அது வருஷம் பூரா வெள்ளைக் கட்டிதான், டிசம்பர் ராத்திரியில கடலை எண்ணெயே கலங்கிப் போய் நிக்கும். சூரியகாந்தியும் நல்லெண்ணெயும் ஃப்ரிட்ஜ்ல கூட இளகலா இருக்கறதால டிரெஸ்ஸிங்குக்கு அதுதான் சரி. ஆனா நம்ம நல்லெண்ணெயை எடுத்து "ஏசியன் செசமி ஆயில்"னு ஊத்தினா அந்தக் கடை வாசம் வராது, நான் ரெண்டு தடவை ஏமாந்தேன். நம்ம செக்குல பச்சை எள்ளைத்தான் கருப்பட்டி போட்டு ஆட்டறாங்க, சீனா, ஜப்பான், கொரியாவுல எள்ளை நல்லா செவக்க வறுத்துட்டு அப்புறம் பிழியறாங்க. வறுக்கறப்போ எள்ளுல இருக்கற புரதத்துண்டும் சர்க்கரையும் சேந்து பைரசின்னு ஒரு கூட்டம் வாசனைப் பொருள் உண்டாகுது, வேர்க்கடலை வறுக்கறப்போ மூக்கைத் துளைக்கறதும் இதே கூட்டம்தான். அதோட ஃபர்ஃபுரில் தயால்னு ஒண்ணு, காபிக்கொட்டை வறுத்தா வர்ற வாசத்துக்கும் அது முக்கியம். தாண்டிக்குடி பக்கம் காபி வறுக்கற வீட்டு வாசல்ல நின்னப்போ எனக்கு எள்ளுருண்டை ஞாபகம் வந்ததுக்கு இதுதான் காரணம், பைத்தியம் இல்லன்னு இப்ப நிம்மதி. இந்த வாசனைப் பொருள்ல பெரும்பாலானது எண்ணெயில நல்லாக் கரையும், அதனால வழி சுலபம்: ரெண்டு ஸ்பூன் வெள்ளை எள்ளைச் செவக்க வறுத்து ஒண்ணு ரெண்டா இடிச்சு, கால் கப் நல்லெண்ணெயில போட்டு மிதமான சூட்டுல அஞ்சு நிமிஷம் வெச்சு, ஆறவெச்சு வடிகட்டிக்கணும். வடிகட்டின சக்கையைத் தூக்கிப் போடாதீங்க, சோயா, வினிகர், சர்க்கரையோட அரைச்சா அதுவே எள்ளு டிரெஸ்ஸிங்.

வினிகர் விஷயத்துக்கு வருவோம். நம்ம கடையில மலிவா கெடைக்கற வெள்ளை வினிகர் பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்துல தண்ணி கலந்தது, வேற எதுவும் இல்ல, அசிட்டிக் அமிலம் ஆவியாகற ஜாதிங்கறதால வாய்க்குப் போறதுக்கு முன்னாடியே மூக்குல குத்தும். அரிசி வினிகர்ல நொதிக்கறப்போ வந்த அமினோ அமிலம், கொஞ்சம் இனிப்பு எல்லாம் இருக்கறதால அது சாது. நான் பண்றது பாதி வெள்ளை வினிகர், பாதி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை சர்க்கரை. எலுமிச்சையில இருக்கற சிட்ரிக் அமிலம் ஆவியாகாது, புளிப்பு நாக்கோட நிக்கும், மூக்குக்குப் போகாது.

அப்புறம் அந்த ஒட்டிக்கிட்டுப் போகாத ருசி. 1908-ல டோக்கியோவுல கிகுனே இகேடாங்கற பேராசிரியர் கொம்புங்கற கடல்பாசியோட சூப்புல இருந்து குளுட்டமேட்டைப் பிரிச்செடுத்து இந்த ருசிக்கு உமாமின்னு பேர் வெச்சாரு. 1913-ல அவரோட சிஷ்யர் கொடாமா, காஞ்ச மீன்ல இருந்து இனோசினேட்டைக் கண்டுபுடிச்சாரு. இதுல சுவாரசியம் என்னன்னா குளுட்டமேட்டும் இனோசினேட்டும் சேந்தா ருசி கூட்டல் கணக்குல ஏறாது, பல மடங்கு ஏறும். தக்காளியில குளுட்டமேட், கருவாட்டுல இனோசினேட், இப்ப கருவாட்டுக் குழம்பு ஏன் மறுநாளும் கூப்பிடுதுன்னு புரியுதா! தாய்லாந்து டிரெஸ்ஸிங்ல ஊத்தற மீன் சாஸும் நெத்திலி வகை மீனை உப்புல போட்டு மாசக்கணக்குல ஊறவெச்சு வடிச்ச தண்ணிதான். அது கெடைக்கலன்னா நாலு நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, கழுவி, கொஞ்சம் தண்ணியில கொதிக்கவெச்சு வடிகட்டி எலுமிச்சை, வெல்லம், பச்சை மிளகாயோட சேத்துப் பாருங்க. அச்சு அசல்னு சொல்ல மாட்டேன், ஆனா கூட்டாளி. சைவக்காரங்களுக்கு சோயா சாஸே போதும், ஆனா வாங்கறப்போ லேபிளைத் திருப்பிப் படிங்க, சோயாவும் கோதுமையும் பூஞ்சை புடிச்சு நொதிச்சு வந்த சாஸ் வேற, அமிலத்துல புரதத்தை உடைச்சு கேரமல் கலர் ஊத்தினது வேற.

பூண்டு. மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கெடைச்சுதுன்னு எங்க ஊர்ல எல்லாரும் பெருமையா சொல்வோம், ஆனா அதைப் பச்சையா நசுக்கி டிரெஸ்ஸிங்ல போட்டா பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. முழுப் பல்லுல காரமே இல்ல, நசுக்கறப்போ அல்லினேஸ்ங்கற என்சைம் வெளிய வந்து வேலை பாத்து அல்லிசினை உண்டாக்குது, அதுதான் காரம். அந்த என்சைமுக்குக் கடும்புளிப்பு ஆகாது. அதனால தனியா நசுக்கி வெக்காம, பல்லை நேரா வினிகரும் எலுமிச்சையும் இருக்கற ஜார்ல போட்டு அதுக்குள்ளயே அரைச்சா காரம் பாதியில நின்னுடும், வாசம் மட்டும் இருக்கும். வெங்காயத்துக்கும் இதே சூட்சுமம்தான். ஒரு தடவை முழுப் பல்லுங்களை வினிகர்ல போட்டு ஜன்னலோரம் வெச்சேன், குளிர் நாள், ஒரு வாரத்துல பாசி மாதிரி பச்சையாயிடுச்சு. விஷம்னு அம்மா கொட்டச் சொன்னாங்க. விஷம் இல்ல, குளிர்ல இருந்த பூண்டு அமிலத்துல பட்டா அந்த நிறம் வரும், வட சீனாவுல இதையே வேணும்னு செஞ்சு லாபா பூண்டுன்னு ஆசையா சாப்பிடறாங்க. பயப்பட வேண்டியது வேற, பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில முக்கி வெளிய வெக்கறது. காத்தும் புளிப்பும் இல்லாத எடத்துல பாட்டுலிசம்ங்கற நரம்பை முடக்கற நோயைக் குடுக்கற கிருமி வளரும், 1985-ல கனடாவோட வான்கூவர்ல ஒரு உணவகத்துல எண்ணெயில போட்ட பூண்டால பல பேர் படுத்துட்டாங்க. ஊர் குளிரா இருக்கேன்னு நம்பாதீங்க, ஃப்ரிட்ஜ்ல வெச்சு ரெண்டு மூணு நாள்ல தீத்துடுங்க.

வெள்ளையா கிரீமா இருக்கற வகைக்கு மயோனைஸ் வேணும். ஜப்பானோட க்யூப்பி பிராண்டு மயோனைஸ் 1925-ல வந்தது, மஞ்சக்கரு மட்டும் போட்டுப் பண்றாங்க, அதான் அவ்ளோ அடர்த்தி. மயோனைஸ்ல முக்காவாசி எண்ணெய்தான், ஆனாலும் ஏன் ஓடாம நிக்குதுன்னு பாத்தா, உருண்டைங்களைக் கன்னாபின்னான்னு கொட்டினா எடத்துல ஏறக்குறைய 64 சதவீதம்தான் நெரம்பும், அதுக்கு மேல துளிங்களைத் திணிச்சா ஒண்ணையொண்ணு நசுக்கிக்கிட்டு நகர முடியாம போயிடும். மே மாசம் வத்தலக்குண்டுல இருந்து மேல ஏர்ற பஸ்ஸை நெனச்சுக்குங்க, யாரும் கம்பியப் புடிக்கல ஆனா யாரும் விழல.

பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாட்டு அரசு 2025 ஏப்ரல் 8-ல இருந்து ஒரு வருஷத்துக்குத் தடை பண்ணுச்சு, சால்மோனெல்லாங்கற கிருமி பயம்தான் காரணம், வீட்லயும் அந்த ரிஸ்க் எதுக்கு. பால் போதும். சில்லுன்னு ஒரு பங்கு பால், ரெண்டு பங்கு சூரியகாந்தி எண்ணெய், எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு மிக்ஸியில ஓட்டுங்க, பால்ல இருக்கற கேசின் புரதம் லெசித்தினோட வேலையைப் பாக்கும், கடைசியில வினிகர் விட்டதும் கெட்டிப்படும். ஆனா இதுல பச்சை இஞ்சி போட்டு வெக்காதீங்க. இஞ்சியில புரதத்தை வெட்டற என்சைம் இருக்கு, குவாங்டாங் பக்கம் சூடான பாலை இஞ்சிச் சாறுல ஊத்தி உறைய வெச்சு இனிப்பே பண்றாங்கன்னா பாத்துக்குங்க. இஞ்சி வேணும்னா ஒரு கொதி விட்டு என்சைமைச் சாகடிச்சுட்டுப் போடுங்க.

ருசி பாக்கறப்போ ஒண்ணு. குளிர்ல நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்துப் பரிமாறப் போறீங்கன்னா சாதாரண சூட்டுல கொஞ்சம் தூக்கலா இருக்கற மாதிரி சர்க்கரை போடணும், உருகுன ஐஸ்கிரீம் திகட்டறது இதனாலதான்.

இலையை ஈரம் போகத் துணியில தொடைக்கணும், இந்த மூடுபனியில துணியே காய மாட்டேங்குது அது வேற கதை. ஈரம் இருந்தா டிரெஸ்ஸிங் ஒட்டாம வழுக்கிக் கீழ போயிடும். இலை மேல இருக்கற மெழுகுப் படலம் தண்ணியைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது, தனியா எண்ணெய் பட்டா சீக்கிரம் கறுத்து வதங்கிடும், பால்மமா இருந்தா எண்ணெய் தண்ணிக்குள்ள அடைபட்டு இருக்கறதால கொஞ்ச நேரம் மொறுமொறுன்னு நிக்கும். உப்பு பட்டா வெள்ளரி தண்ணி விடும், டிரெஸ்ஸிங் சாறாயிடும், பருப்பு வெள்ளரிக் கோசம்பரிக்கு எப்படிச் சாப்பாட்டு எலை போட்டப்புறம் உப்பு போடுவோமோ அதே மாதிரி தட்டுல வெக்கறப்போதான் கலக்கணும்.

கேரட் டிரெஸ்ஸிங்கை மட்டும் எப்பவும் ரெட்டிப்பா அரைக்கறோம். மறுநாள் காலையில அம்மா தோசைக்கு அதைத்தான் எடுப்பாங்க, மேல கடுகு கறிவேப்பிலை தாளிச்சு.