உப்பின் வரவு செலவுக் கணக்கு

சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது, இரண்டும் உப்பாகி நிம்மதியாகிவிடுகின்றன. அயனிப் பிணைப்பை, அதாவது மின்சுமை பெற்ற அணுக்கள் (அயனிகள்) சேர்வதை, பள்ளியில் இப்படித்தான் படித்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் கதை இடிக்கிறது.

வாயு நிலையில் உள்ள ஒரு மோல் (அணுக்களை எண்ண வேதியியலில் வழங்கும் அளவு) சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. அவற்றைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 தான். கைமாற்றியதில் மட்டும் 147 கிலோஜூல் நஷ்டம்! சோடிய உலோகத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூறைப் பிளக்கவும் ஆகும் செலவு தனி. எல்லாம் சேர்த்தால் 376 ஆகிறது. சோடியம் ஆசையாசையாக எலக்ட்ரானைக் கொடுக்கிறது என்பதெல்லாம் சும்மா.

அப்புறம் உப்பு எப்படித்தான் உருவாகிறது? லாபம் அடுத்த படியில் இருக்கிறது. நேர்மின்சுமையுள்ள சோடியம் அயனியும் எதிர்மின்சுமையுள்ள குளோரைடு அயனியும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இந்த ஈர்ப்பு ஒரு ஜோடியோடு நிற்பதில்லை. ஒவ்வொரு சோடியத்தையும் ஒட்டி 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் ஒட்டி 6 சோடியம் என்று எல்லாத் திசையிலும் அடுக்கு வளர்கிறது. அப்போது மோலுக்கு 787 கிலோஜூல் வெளியாகிறது. இதற்குப் படிகக்கூடு ஆற்றல் என்று பெயர். செலவு போக 411 மிச்சம்.

ஆக, எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின் சொந்தம் என்ற கேள்விக்கே இடமில்லை. உப்புப் படிகத்தில் தனி மூலக்கூறு கிடையாது. 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக் இந்த அமைப்பைக் கண்டறிந்தார். வேதியியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்குக்கோ அது கடைசிவரை ஜீரணமாகவில்லை. 1927-இலும் அதைக் கிண்டலடித்து எழுதினார்.

இந்த அடுக்கிலிருந்துதான் உப்பின் குணங்கள் வருகின்றன. சோடிய உலோகம் 98 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உப்பு உருக 801 டிகிரி வேண்டும். அயனிகளின் மின்சுமை இரட்டிப்பாக உள்ள மக்னீசியம் ஆக்சைடு 2,800 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். திண்ம உப்பில் அயனிகள் நகர முடியாது, அதனால் மின்சாரம் பாயாது, உருக்கினால் பாயும்.

இவ்வளவு உறுதியான படிகம் ஒரு தட்டுத் தட்டினால் உடைந்துபோவதுதான் வேடிக்கை. அடி விழுந்ததும் ஓர் அடுக்கு ஓர் அயனியளவு நகர்கிறது என்று வையுங்கள். அதுவரை எதிரெதிர்ச் சுமைகள் நின்ற இடத்தில் இப்போது ஒரே சுமைகள் நேருக்கு நேர். பிடித்து இழுத்த விசையே தள்ளத் தொடங்க, படிகம் வழவழப்பான தளமாகப் பிளக்கிறது.

சரி, 801 டிகிரியில் நெருப்பு செய்கிற வேலையைத் தண்ணீர் எப்படிச் சாதாரணமாகச் செய்கிறது? நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்துகொள்ளும்போது, படிகத்தைக் கலைக்க ஆன ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது. மோலுக்குச் சுமார் 4 கிலோஜூல்தான் குறை. அடுக்கு கலைந்து சிதறும் இயற்கைப் போக்கு அதை ஈடுகட்ட, வெப்பத்தை மட்டும் தண்ணீர் தருகிறது. உப்பு கரையும்போது தண்ணீர் கொஞ்சம் குளிர்வது அதனால்தான்.