வீட்டுத் தானியக்கம்: புதுப்பித்தால் ஏன் உடைகிறது?

விளக்கு, சென்சார் போன்றவற்றை மென்பொருளில் எழுதிய விதிகளால் தானாக இயங்கச் செய்வதே வீட்டுத் தானியக்கம். அத்தகைய ஒரு வீட்டில், சன்னலில் பொருத்தப்பட்ட சென்சார் "திறந்துள்ளது" என்ற நிலைக்கு மாறினால் எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். காற்றுக்காகச் சன்னலைத் திறந்துவைத்து, மணியை நிறுத்திவிட்டு எல்லோரும் உறங்கிவிட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு மென்பொருள் தானாகவே புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் ஆகிறது. சன்னலை யாரும் தொடவில்லை. ஆனால் மணி அலறுகிறது.

நடந்தது இதுதான். மறுதொடக்கத்தின்போது சென்சாருடனான தொடர்பு சில நொடிகள் அறுபடுகிறது; அந்த நேரத்தில் அதன் நிலை திறந்ததும் அன்று, மூடியதும் அன்று, "கிடைக்கவில்லை" என்பதாகும். தொடர்பு மீண்டதும் நிலை "திறந்துள்ளது" என்று மாறுகிறது. விதி கேட்டது அந்த மாற்றத்தைத்தான்; எந்த நிலையிலிருந்து மாறியது என்று அது கேட்கவே இல்லை. "மூடியிருந்து திறந்தால் மட்டும்" என்று எழுதியிருந்தால் மணி ஒலித்திருக்காது. புதுப்பிப்புக்குப் பிறகு வீட்டில் நேரும் கோளாறுகளில் பல இத்தகையவையே: புதிய மென்பொருளில் பிழை ஏதும் இருக்காது, பழைய விதி சொல்லாமல் விட்ட ஒன்று அன்றுதான் வெளிப்பட்டிருக்கும்.

சில கோளாறுகள் மட்டும் உண்மையாகவே புதுப்பிப்பிலிருந்து வருகின்றன. தானியக்க வீடு என்பது ஒரே மென்பொருள் அன்று. விளக்குக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர், கருவிகளைக் கம்பியின்றி இணைக்கும் ஜிக்பீ ரேடியோ, எல்லாவற்றையும் இணைக்கும் சர்வர், சில வேளைகளில் தயாரிப்பாளரின் கிளவுட் சேவை என்று பல அடுக்குகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கான நாளில் மாறிக்கொள்கிறது. ஓர் அடுக்கு தன் பக்கத்து அடுக்கிடம் எதிர்பார்ப்பவற்றில் முக்கியமானவை மூன்று: பெயர், மதிப்பு, அலகு. இவற்றில் ஒன்று மாறினாலும் அதை நம்பியிருந்த விதி தடுமாறும்.

அலகு மாறுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஹோம் அசிஸ்டன்ட் என்னும் திறந்தமூல மென்பொருள், விளக்கொளியின் நிறவெப்பநிலையை (ஒளி எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதன் அளவை) மைரெட் என்ற அலகிலிருந்து கெல்வினுக்குப் படிப்படியாக நகர்த்தியது. பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் மைரெட் கிடைக்கும். 2,700 கெல்வின் மஞ்சள் ஒளி ஏறத்தாழ 370 மைரெட். கவனிக்க வேண்டியது, இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்பவை. மைரெட் கூடினால் ஒளி மஞ்சளாகும். கெல்வின் கூடினால் நீலம் ஏறும். ஆகவே, மாலையில் எண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஒளியை இதமாக்கும் ஒரு விதியில் அலகை மட்டும் மாற்றிவிட்டுக் கூட்டலை அப்படியே விட்டுவிட்டால், இருட்ட இருட்ட விளக்கு வெளிறிக்கொண்டே போகும்.

இத்தகைய மாற்றங்கள் முன்னறிவிப்பின்றி வருவது அரிது. 2013-இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட், வழக்கமாக ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமையன்று புதிய பதிப்பை வெளியிடுகிறது. பழைய அமைப்புகளோடு ஒத்துப்போகாத மாற்றங்களை வெளியீட்டுக் குறிப்பில் தனிப்பகுதியாகத் தருகிறது. பதிப்பெண்ணின் முதல் இரண்டு பகுதிகள் ஆண்டும் மாதமும் ஆகும். மூன்றாவது எண், அதே மாதத்தில் வெளிவந்த திருத்தங்களின் வரிசை. அந்த மூன்றாம் எண் ஒன்றிரண்டு கூடும்வரை காத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் இது பொருந்தாது, அதை உடனே நிறுவ வேண்டும். ஆனால் காத்திருப்பது வேறு, கைவிடுவது வேறு. ஓராண்டு புதுப்பிக்காமல் இருந்தவர் பன்னிரண்டு மாதத்து மாற்றங்களை ஒரே இரவில் எதிர்கொள்கிறார். அப்போது எது எதனால் உடைந்தது என்று பிரித்தறியவே முடிவதில்லை.

ஒரு பொருளின் பெயரை முப்பது விதிகளில் நேரடியாக எழுதிவைப்பதும் இதே வகைத் தொல்லைதான். சென்சாரை மாற்றினாலோ, புதுப்பிப்பில் அதன் பெயர் மாறினாலோ முப்பது இடங்களைத் திருத்த வேண்டியிருக்கும். மாறாக, "படுக்கையறை வெப்பம்" என்று நாமே ஒரு பெயரை உருவாக்கி, உண்மையான சென்சாரின் மதிப்பை அதற்கு ஓரிடத்தில் மட்டும் இணைத்துவிட்டு, விதிகள் அனைத்தையும் அந்தப் பெயரையே பார்க்கச் செய்யலாம். அலகு மாற்றம், "கிடைக்கவில்லை" என்ற நிலையை வடிகட்டுதல் ஆகியவற்றையும் அந்த ஓரிடத்திலேயே செய்துவிடலாம். தொடக்கத்தில் வீண்வேலையாகத் தோன்றும் இந்த இடைப்படலமே, நான் அறிந்த தற்காப்புகளில் மிகுந்த பலன் தருவது.

பழைய பதிப்பை மீண்டும் நிறுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சிக்கல் தரவுத்தளத்தில் இருக்கிறது. புதிய பதிப்பு முதன்முறை இயங்கும்போது, சென்சார் பதிவுகளைச் சேமித்துள்ள அட்டவணைகளின் அமைப்பையே சில வேளைகளில் மாற்றி எழுதிவிடுகிறது; பழைய மென்பொருளுக்கு அந்தப் புதிய அமைப்பு புரியாது. ஆகவே திரும்பிச் செல்லும் வழி, புதுப்பிப்பதற்குச் சற்று முன்பு எடுத்த முழுக் காப்புநகல் மட்டுமே. அதைச் சர்வரின் அதே நினைவக அட்டையில் வைத்திருந்தால், அட்டை பழுதாகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். ஜிக்பீ வலையமைப்பின் 128 பிட் குறியாக்கச் சாவியும் காப்புநகலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது தொலைந்தால் ஒவ்வொரு விளக்கையும் சென்சாரையும் கையால் மீண்டும் இணைக்க நேரிடும். ஹோம் அசிஸ்டன்டின் இயங்குதளம் தன் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் தனித்தனி இடங்களில் வைத்துக்கொண்டு, புதியது தொடங்கத் தவறினால் பழையதிலிருந்து எழும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது. அருமையான ஏற்பாடுதான், ஆனால் அது காப்பது இயங்குதளத்தை மட்டுமே, நம் விதிகளை அன்று.

சர்வர் எழவே இல்லை என்றாலும் விளக்கு எரிய வேண்டும். வயதானவர்களும் குழந்தைகளும் இருட்டில் நடக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஜிக்பீயில் பைண்டிங் என்ற வசதி உண்டு: சுவிட்சிலேயே விளக்கின் முகவரியைப் பதித்துவிட்டால், சுவிட்ச் தன் கட்டளையைச் சர்வரின் விதிக்காகக் காத்திராமல் நேரடியாக விளக்குக்கு அனுப்பும். எல்லாச் சுவிட்சுகளும் இதை ஏற்பதில்லை என்பதால், வாங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு மாலையில் சர்வரின் மின்னிணைப்பை அரைமணி நேரம் துண்டித்துவிட்டு, வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் சென்று சுவிட்சை அழுத்திப் பார்த்து, எங்கே விளக்கு எரியவில்லை என்று குறித்துக்கொண்டால், அடுத்த புதுப்பிப்புக்கு முன் எங்கிருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.